சினை ஊசி ஏன் நிற்கவில்லை? உறைவிந்துக் குச்சிக்குள் ஒரு ‘சிக்கு’ சிக்கல்!

காலையில் மாடு கத்தியது, சாயங்காலம் ஊசி போட்டாயிற்று, 21-ம் நாள் மறுபடியும் கத்துகிறது. காரைக்குடி, திருப்பத்தூர், காளையார்கோவில் பக்கம் ஒன்றிரண்டு கறவை மாடுகளை நம்பிக் குடும்பம் நடத்தும் வீடுகளில் இது பழகிப்போன புலம்பல்.

நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புலம்பலுக்குக் காரணம் புரியும். ஒரு மாட்டுக்கு ஒரு நாள் தீவனச் செலவு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு பருவம் தவறினால் 3,150 ரூபாய் போகும். மூன்று பருவம் தவறினால் 9,450 ரூபாய். அடுத்த கன்று இரண்டு மாதம் தள்ளிப் போகும். கறவை வற்றிய மாடாக இருந்தால் அந்த இரண்டு மாதமும் பால் வரவு இல்லை. கண்மாய் வற்றி, வைக்கோலை விலைக்கு வாங்கும் சிவகங்கைக் கோடையில் இது சின்னச் சுமை அல்ல.

ஊசி நிற்காமல் போவதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம்: மாட்டின் உடல்நிலை, ஊசி போட்ட நேரம், போட்டவரின் கைப்பழக்கம், குச்சியில் இருந்த விந்தின் தரம். முதல் மூன்றைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுவார்கள். நான்காவது கண்ணுக்குத் தெரியாத விஷயம் என்பதால் யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்தக் குச்சிக்குள் நடக்கும் சேதத்தைக் குறைக்கத்தான் ‘ஆன்டி-ஆக்ஸிடன்ட்’ எனப்படும் பொருட்களை உறைவிந்தில் சேர்த்துப் பார்க்கிறார்கள் விஞ்ஞானிகள். அது என்ன, அதனால் விவசாயிக்கு என்ன பயன், எதை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது என்று பார்ப்போம்.

ஒரு குச்சிக்குள் இரண்டு கோடி

தமிழ்நாட்டில் ஊட்டி, ஓசூர், தஞ்சாவூர் மாவட்டத்து ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் அரசின் உறைவிந்து நிலையங்கள் உள்ளன. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் சார்ந்த நிலையம் ஒன்று திருவள்ளூர் மாவட்டம் அலமாதியில் இருக்கிறது. இப்படிப்பட்ட நிலையங்களில் நோய்ப் பரிசோதனை செய்யப்பட்ட காளைகளிடமிருந்து விந்து சேகரிக்கப்படுகிறது. உடனே அதன் அடர்த்தியும், விந்தணுக்களின் நீந்தும் வேகமும் நுண்ணோக்கியில் பார்க்கப்படும்.

தேறினால், அதை ஒரு கரைசலில் கலந்து நீர்க்க வைப்பார்கள். அந்தக் கரைசலில் முக்கியமான இரண்டு பொருட்கள் நமக்குத் தெரிந்தவைதான். ஒன்று, கோழி முட்டையின் மஞ்சள் கரு. குளிர்ச்சியின் அதிர்ச்சியிலிருந்து விந்தணுவின் தோலை அது காக்கிறது. 1940 வாக்கில் அமெரிக்காவில் இது நடைமுறைக்கு வந்தது. இன்னொன்று கிளிசரின். உறையும்போது பனி ஊசிகள் விந்தணுவைக் குத்திக் கிழிக்காமல் இது தடுக்கிறது. கிளிசரினின் இந்தக் குணத்தை 1949-ல் இங்கிலாந்தின் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவல் விந்தில் கண்டறிந்து சொன்னார்கள். இன்று கிராமம் கிராமமாகச் சினை ஊசி போவதற்கு அந்தக் கண்டுபிடிப்புதான் அடித்தளம்.

கலந்த விந்தைக் கால் மில்லி பிடிக்கும் மெல்லிய குச்சிகளில் அடைத்து, 4 முதல் 5 டிகிரி குளிரில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பழக விடுவார்கள். பிறகு திரவ நைட்ரஜன் ஆவியில் சில நிமிடங்களில் உறைய வைத்து, மைனஸ் 196 டிகிரியில் மூழ்க வைத்துவிடுவார்கள். இந்தியாவில் வகுக்கப்பட்ட குறைந்தபட்சத் தர விதிமுறைப்படி ஒரு குச்சியில் 2 கோடி விந்தணுக்கள் இருக்க வேண்டும். மாதிரிக் குச்சியை உருக்கிப் பார்க்கும்போது அதில் பாதியாவது முன்னோக்கி நீந்த வேண்டும். இல்லையென்றால் அந்தத் தொகுதியே கழிக்கப்படும்.

ஒரு காளையிடம் ஒரு தடவைக்கு 5 மில்லி விந்து, மில்லிக்கு 100 கோடி விந்தணு கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 500 கோடி. குச்சிக்கு 2 கோடி வீதம் 250 குச்சிகள் வரும். உருக்கிப் பார்க்கும்போது 50 சதவிகிதத்துக்குப் பதில் 40 சதவிகிதம்தான் நீந்துகிறது என்றால் 250 குச்சிகளும் வீண். நல்ல காளையாக இருந்தும், அதன் விந்து உறைதலைத் தாங்கவில்லை என்ற ஒரே காரணத்தால் கழிக்கப்படும் காளைகள் உண்டு. குறிப்பாக ஜெர்சி, ஃப்ரீசியன் கலப்பினக் காளைகளில் இது நிலையங்களுக்குப் பெரிய தலைவலி.

முறுக்குத் தூக்கில் அடிக்கும் வாடை

உறைவிக்கும்போது ஏன் இத்தனை விந்தணுக்கள் வீணாகின்றன? பனி ஊசியும் குளிர் அதிர்ச்சியும் ஒரு பங்கு. இன்னொரு பங்கைப் புரிந்துகொள்ள ஆய்வகம் வரை போக வேண்டாம், அடுப்படிக்குப் போனாலே போதும்.

செட்டிநாட்டு வீடுகளில் சீருக்குச் சுடும் முறுக்கையும் சீடையையும் தூக்கில் இறுக மூடி வைப்பார்கள். மூடி சரியில்லாமல் நாள்பட இருந்தால் ‘சிக்கு’ வாடை வந்துவிடும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் எண்ணெயைத் தாக்குவதால் வரும் வாடை அது.

விந்தணுவின் மேல்தோலும் ஒருவகைக் கொழுப்பால் ஆனது. எளிதில் சிக்கு அடிக்கும் ரகக் கொழுப்பு அதில் நிறைய இருக்கிறது. விந்தணு நீந்துவதற்கு வேண்டிய சக்தியை ஆக்ஸிஜனைக் கொண்டு தயாரிக்கும்போது, அடுப்பிலிருந்து தீப்பொறி பறப்பதுபோல வீரியமான ஆக்ஸிஜன் துணுக்குகள் சிதறுகின்றன. அவை அந்தக் கொழுப்பைத் தாக்குகின்றன. தோல் விறைத்து, வால் துவண்டு, விந்தணு நின்றுவிடுகிறது. இன்னும் உள்ளே போனால் மரபணுவையே அறுக்கின்றன. அப்படி அறுபட்ட விந்தணு சினை முட்டையைச் சேர்ந்தாலும், கரு சில நாட்களிலேயே கரைந்துபோகலாம். அப்போது விவசாயி கண்ணுக்குத் தெரிவது ‘மாடு மறுபடியும் கத்துகிறது’ என்பது மட்டும்தான்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. அதிக ஆக்ஸிஜன் மனித விந்தணுவை முடக்குகிறது என்று 1943-லேயே ஜான் மெக்லியோட் எழுதினார். காளை விந்தணுக்கள் தாங்களே ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கி, அதனாலேயே மூச்சுத் திணறுகின்றன என்று 1946-ல் டோசிக், வால்டன் ஆகிய இருவரும் காட்டினார்கள். ஒரு குச்சியில் செத்த விந்தணு அதிகமாக இருந்தால், அதிலிருந்து வரும் நஞ்சு உயிரோடு இருப்பதையும் கெடுக்கும். ஒரு அழுகிய தக்காளி கூடையைக் கெடுப்பது மாதிரி.

இதைத் தடுக்க விந்து நீரில் இயற்கையே காவலர்களை வைத்திருக்கிறது. அவைதான் ஆன்டி-ஆக்ஸிடன்ட்கள். ஆனால், விந்தைக் கரைசலில் கலந்து நீர்க்க வைக்கும்போது அந்தக் காவலர்களும் நீர்த்துப் போகிறார்கள். விந்தணுவின் உள்ளேயும் கையிருப்பு குறைவு. காளை விந்தணுவுக்குள் இருக்கும் குளூட்டாதயோன் என்ற காவல் பொருள், ஒரு முறை உறைய வைத்து உருக்கியதும் முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது என்று கனடா ஆய்வாளர்கள் 2000-ம் ஆண்டில் கண்டார்கள்.

குறைந்த காவலைத் திருப்பி வைப்பது

‘குறைந்ததைக் கரைசலிலேயே சேர்த்துவிட்டால் என்ன?’ என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் மொத்தச் சாரம். வைட்டமின் ஈ கொழுப்பில் கரையும் என்பதால் விந்தணுவின் தோலுக்குக் காவல். வைட்டமின் சி நீரில் கரையும் என்பதால் சுற்றியுள்ள கரைசலுக்குக் காவல். குளூட்டாதயோன், அதைத் தயாரிக்க உதவும் சிஸ்டீன், டாரின், டிரெஹலோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரை, மெலடோனின் போன்றவற்றையும் இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் காளை, எருமைக்கிடா விந்தில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின், முருங்கை இலைச் சாறு, பச்சைத் தேயிலைச் சாறு என நம் வீட்டுப் பொருட்களும் அந்த வரிசையில் இருக்கின்றன.

பல சோதனைகளில் உருக்கிய பிறகு நீந்தும் விந்தணுக்களின் அளவு கூடியிருக்கிறது. தோலும் மரபணுவும் சேதமாவது குறைந்திருக்கிறது. ஆனால், மூன்று விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலாவது, அளவு. கொஞ்சம் ஆக்ஸிஜன் துணுக்கு விந்தணுவுக்குத் தேவை. முட்டைக்குள் நுழையத் தயாராவதற்கு அதுதான் தூண்டுகோல். காவலை அளவுக்கு மீறிப் போட்டால் அந்தத் தயாரிப்பும் நின்றுவிடும். சாம்பாரில் உப்பு மாதிரி, குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும்.

இரண்டாவது, ஒரு காளைக்குப் பலித்தது இன்னொரு காளைக்குப் பலிக்காது. ஒரு கரைசலில் வேலை செய்த பொருள் வேறு கரைசலில் சும்மா கிடக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். நுண்ணோக்கியில் நன்றாக நீந்துவது வேறு, மாடு சினை நிற்பது வேறு. ஆய்வகத்தில் கிடைத்த முன்னேற்றம் அதே அளவுக்குத் தொழுவத்திலும் தெரியும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால், இது குச்சியின் தரத்தைக் கொஞ்சம் தூக்கிவிடும் உதவி. சினை பிடிக்காத மாட்டுக்கு மருந்து அல்ல.

புலிக்குளத்துக்கு இது ஏன் முக்கியம்?

கலப்பினக் கறவைக்கு ஒரு காளையின் விந்து போனால் இன்னொரு காளை கிடைக்கும். நாட்டு மாட்டுக்கு அப்படி இல்லை. சிவகங்கை மாவட்டம் மானாமதுரை வட்டத்தில் உள்ள புலிக்குளம் கிராமத்தின் பெயரைத் தாங்கிய இனம்தான் புலிக்குளம் மாடு. பாலுக்காக அல்லாமல், கிடை போடவும், உழவுக்கும், மஞ்சுவிரட்டுக்கும் பேர் பெற்றது. கிடை மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அறுவடை முடிந்த வயலில் ராத்தங்க வைத்து, சாணத்தையும் கோமியத்தையும் உரமாக விட்டுவிட்டு வரும் வழக்கம் இந்த மண்ணில் இன்னும் இருக்கிறது. சிராவயல் பொட்டலில் திமிறி ஓடும் காளைகளில் இந்த இனத்துக்குத் தனி மவுசு.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தபோது, காளை வளர்ப்பவர்கள் பயந்ததும் இதைத்தான்: விளையாட்டு இல்லையென்றால் காளை அடிமாட்டுக்குப் போகும், காளை போனால் இனம் போகும். 2017-ல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்தால் வாடிவாசல் மீண்டும் திறந்தது. மானாமதுரையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் புலிக்குளம் மாட்டின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனாலும் டிராக்டரும், சுருங்கிவரும் மேய்ச்சல் நிலமும் இந்த இனத்துக்கு நெருக்கடியாகத்தான் நிற்கின்றன.

ஒரு இனத்தைக் காக்கும் வழிகளில் ஒன்று, நல்ல காளைகளின் விந்தை உறைய வைத்துச் சேமிப்பது. ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் நாட்டு இனங்களின் விந்தை இப்படிச் சேமித்து வருகிறது. அரிதான இனத்தில் தேர்ந்தெடுத்த காளைகள் விரல் விட்டு எண்ணும்படிதான் கிடைக்கும். அதில் ஒரு காளையின் விந்து உறைதலைத் தாங்கவில்லை என்றால், அந்தக் கால்வழியே சேமிப்பில் இல்லாமல் போகும். அப்படிப்பட்ட காளையின் விந்தைத் தேற்றிக் கரையேற்ற ஆன்டி-ஆக்ஸிடன்ட் உதவினால், அதுவே பெரிய லாபம். கறவை மாட்டுக்காரருக்கு இந்தத் தொழில்நுட்பம் ஒரு கூடுதல் வசதி. புலிக்குளம் மாதிரி இனத்துக்கு அது வேர் அறாமல் காக்கும் வேலை.

குச்சி நிலையத்தை விட்டு வந்த பிறகு…

நிலையத்தில் எத்தனை காவல் போட்டு அனுப்பினாலும், தொழுவத்து வாசலில் ஒரு நிமிடத்தில் எல்லாம் வீணாகலாம். வெயில் 40 டிகிரியைத் தொடும் சித்திரையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஊசி போட வருபவரிடம் மரியாதையோடு கேட்டும் கவனித்தும் விவசாயி உறுதிசெய்ய வேண்டியவை இவை:

• குச்சியை எடுக்கும்போது, கொள்கலனின் கழுத்துக்கு மேலே மற்றக் குச்சிகளைத் தூக்கிவைத்துத் தேடக் கூடாது. சில நொடிகளில் மீண்டும் உள்ளே இறங்கிவிட வேண்டும். தூக்கித் தூக்கி இறக்கினால், மீதமுள்ள குச்சிகளின் உள்ளே பனி ஊசிகள் மறுபடி வளரும்.

• 37 டிகிரி வெந்நீரில் 30 நொடி வைத்துத்தான் உருக்க வேண்டும். சட்டைப் பையிலோ, அக்குளிலோ, உள்ளங்கையில் தேய்த்தோ உருக்குவது தவறு. வீட்டுக்காரர் செய்யக்கூடிய உதவி, சுத்தமான வெந்நீரைத் தயாராக வைத்திருப்பது. சூட்டைக் கைப்பக்குவத்தில் பார்க்காமல் வெப்பமானியால் பார்க்க வேண்டும்.

• உருக்கிய குச்சியைத் துடைத்து ஈரம் போக்க வேண்டும். சொட்டுத் தண்ணீர் பட்டாலும் விந்தணு சாகும். வேலையை நிழலில் வைத்துச் செய்ய வேண்டும். உருக்கிய பிறகு தாமதிக்கக் கூடாது. மாட்டைப் பிடித்துக் கட்டிய பிறகே குச்சியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

• காலையில் பருவ அறிகுறி தெரிந்தால் அன்று மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். உறைந்து உருகிய விந்தணுவுக்கு ஆயுசு குறைவு என்பதால் நேரம் தவறினால் மன்னிப்பு இல்லை.

• குச்சியின் மேல் காளை எண், இனம், நிலையம், தேதி அச்சிட்டிருக்கும். காலிக் குச்சியை வாங்கி, எண்ணை நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் குறை தேடும்போது இதுதான் சாட்சி.

காவல் தொழுவத்திலும் வேண்டும்

ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்பது குச்சிக்குள் மட்டும் நடக்கும் கதை அல்ல. பசுவின் உடம்பிலும் காளையின் உடம்பிலும் அதே காவல் தேவை. அதற்கு வேண்டிய வைட்டமின் ஈ பசுந்தீவனத்தில் இருக்கிறது, காய்ந்த வைக்கோலில் மிகக் குறைந்துவிடுகிறது. செம்பு, துத்தநாகம், மாங்கனீசு, செலினியம் போன்ற தாதுக்கள் இல்லாமல் உடம்பின் காவல் நொதிகள் வேலை செய்யாது. அகத்தி, வேலிமசால், கம்பு நேப்பியர் என்று கையளவு பச்சையாவது கோடையிலும் கிடைக்க வழிசெய்து, தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

காளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. காளையின் உடம்பில் ஒரு விந்தணு முழுதாக உருவாக ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். சித்திரை வெயிலில் கட்டிப்போட்ட காளையின் விந்தில் குறை தெரிவது ஆனி, ஆடியில்தான். அதனால் கோடையில் நிழலும், தாராளமாகத் தண்ணீரும் கொடுப்பது அன்றைய ஆறுதலுக்கு மட்டும் அல்ல, இரண்டு மாதம் கழித்து வரும் விந்துக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி – பதில்

ஆன்டி-ஆக்ஸிடன்ட் சேர்த்த குச்சி வேண்டும் என்று கேட்டு வாங்க முடியுமா?

கரைசலில் என்ன கலந்தது என்று குச்சியில் அச்சிடுவதில்லை. அது நிலையத்தின் வேலை. விவசாயி கேட்க வேண்டியது, குச்சி தர மதிப்பீடு பெற்ற நிலையத்திலிருந்து வந்ததா, கொள்கலனில் திரவ நைட்ரஜன் அளவு குறையாமல் பார்க்கப்படுகிறதா என்பதைத்தான்.

கொள்கலனில் பல வருடமாக இருக்கும் குச்சி பலிக்குமா?

நைட்ரஜன் வற்றாமல் மைனஸ் 196 டிகிரியிலேயே இருந்தால் வயது ஒரு பொருட்டு அல்ல. ஆஸ்திரேலியாவில் 1968-ல் உறைய வைத்த மெரினோ கிடா விந்தை ஐம்பது வருடம் கழித்து 56 ஆடுகளுக்குச் செலுத்தியதில் 34 ஆடுகள் சினை நின்றன. ஒரே ஒரு நாள் நைட்ரஜன் வற்றினால், நேற்று வந்த குச்சியும் வீண்தான்.

மஞ்சுவிரட்டுக் காளைக்கு வைட்டமின் ஈ, செலினியம் மருந்துகளை வாங்கிக் கொடுக்கலாமா?

கால்நடை மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் மட்டும். செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. பசுந்தீவனமும் தாது உப்பும்தான் முதல் வைத்தியம். ‘விந்து கூட்டும் பொடி’ என்று சந்தையில் சொல்லி விற்பதை நம்பிக் காசை விட வேண்டாம்.

முருங்கைச் சாறு நல்லது என்றால், ஊசி போடும்போது கர்ப்பப்பையில் விடலாமா?

கூடவே கூடாது. ஆய்வகத்தில் சுத்திகரித்து, துளி அளவில் கரைசலில் சேர்ப்பது வேறு. வீட்டுச் சாறு கர்ப்பப்பைக்குள் போனால் கிருமி சேர்ந்து சீழ் பிடிக்கும். முருங்கைக் கீரையை மாடு தின்னட்டும், அதுதான் அதற்கு வழி.

மூன்று ஊசியும் நிற்கவில்லை. குறை மாட்டிலா, குச்சியிலா?

குறித்து வைத்த காளை எண்ணும் தேதியும் இங்கேதான் உதவும். அதே குச்சி அக்கம்பக்கத்து மாடுகளில் நின்றிருந்தால், உங்கள் மாட்டைப் பார்க்க வேண்டும். அங்கேயும் நிற்கவில்லை என்றால், குச்சியையும் கொள்கலனையும் பார்க்க வேண்டும். நான்காவது ஊசிக்கு முன்பு கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கர்ப்பப்பையைப் பரிசோதித்துவிடுங்கள். வழும்பு கண்ணாடி மாதிரி தெளிவாக இல்லாமல் கலங்கலாகவோ, வெள்ளைத் திரியோடோ இருந்தால் ஊசியே போட வேண்டாம். முதலில் வைத்தியம், பிறகு ஊசி.